பாட்டு நம் வீட்டுப் பாட்டா, வாடகைப் பாட்டா?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னைப் புறநகரில் ஒரு வீட்டுச் சமையலறை. இட்லிப் பானையில் ஆவி வர ஆரம்பித்ததும் போனை எடுத்துப் பாட்டைப் போடுவது அந்த அம்மாவின் வழக்கம். அன்றைக்குப் பாட்டு வரவில்லை. சேவையை நிறுத்திவிட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது.

"வேற ஆப் போட்டுத் தரேம்மா. எல்லாப் பாட்டும் அதுலயும் இருக்கும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"பாட்டு இருக்கும்டி. ஆச்சிக்காக நான் எடுத்து வச்ச லிஸ்ட் எங்க இருக்கும்?"

படுத்த படுக்கையாக இருந்த கடைசி எட்டு மாதங்களில் ஆச்சி கேட்ட பாட்டுகள் அவை. "அந்த மாட்டு வண்டிப் பாட்டு", "கல்யாண வீட்டுல போடுவாங்களே, அது" என்று அவர் அரைகுறையாகச் சொன்னதை வைத்துத் தேடித் தேடிச் சேர்த்தது. அறுபதுக்கு மேல் இருக்கும். ஆச்சி போய் மூன்று வருடம். பட்டியல் போனது அன்றைக்குத்தான்.

அதே வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே கேசட்டுகள். நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதி, தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கி வந்த 60 நிமிடக் கேசட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும். ஆனாலும் அது வீட்டுச் சொத்து. டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொள்ளலாம். யாரும் வந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடி வந்தது. பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, "இளையராஜா ஹிட்ஸ் ஏத்திக் குடுங்கண்ணே" என்று கேட்ட காலம். அவற்றில் பெரும்பாலானவை முறையாக உரிமம் பெற்ற பிரதிகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்ததென்னவோ உண்மை. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் எதுவும் போகவில்லை.

வாங்கும் கடை வந்தது, போனது

ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது ஒரு பாட்டு 99 சென்ட். இந்தியாவுக்கு அந்தக் கடை வர 2012 டிசம்பர் ஆனது. இங்கே ஒரு பாட்டு 7, 12, 15 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்ற பெயரில் பாட்டுக் கடை போட்டது. பூட்டு எதுவும் இல்லாத எம்பி3 கோப்புகள். நல்ல முயற்சிதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் ஏழு ரூபாய் கொடுக்கவும் ஆள் போதவில்லை போலிருக்கிறது. 2013 ஜூனில் கடையை மூடிவிட்டார்கள்.

அப்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வாங்கிய பாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. கடை போனாலும் கோப்பு அவர்களிடம் இருந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஆரம்ப காலத்தில் விற்ற டிஜிட்டல் பாட்டுகளுக்கு டிஆர்எம் என்ற மின்னணுப் பூட்டு இருந்தது. காசு கொடுத்து வாங்கினாலும் அனுமதி பெற்ற கருவியில்தான் பாடும். எம்எஸ்என் மியூசிக் கடையை மூடிய மைக்ரோசாஃப்ட், 2008-ல் அந்தப் பூட்டுக்குச் சாவி கொடுக்கும் கம்ப்யூட்டர்களையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அதன் பிறகு அவகாசத்தை நீட்டினார்கள். ஐடியூன்ஸ் பாட்டுகளுக்குப் பூட்டு கழன்றது 2009-ல். ஆகவே வாங்குவது என்றால் பூட்டில்லாத கோப்பை வாங்குவது. மற்றதெல்லாம் கொஞ்சம் நீளமான வாடகைதான்.

மாதச் சந்தாவின் கணக்கு

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், பாட்டைச் சேர்த்து வைக்கும் தேவையே பலருக்கு இல்லாமல் போனது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். வருடத்துக்கு 1,428. பாட்டுக்கு 15 ரூபாய் என்று வைத்தால், அதே பணத்துக்கு 95 பாட்டு வாங்கலாம். பத்து வருடத்தில் 952 பாட்டு.

ஒரு மனிதர் வாழ்நாளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டுகள் எத்தனை இருக்கும்? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்நூறு கூட இருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். அவர்களுக்கு வாங்குவதே லாபம். வாரம் ஒரு புதுப் படம், கொரியப் பாட்டு, மலையாளப் பாட்டு என்று தாவும் பிள்ளைகளுக்குச் சந்தாதான் சரி. ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தால் குடும்பச் சந்தா எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. சந்தா கட்டினால் கிடைப்பது நுழைவுச்சீட்டு. உள்ளே என்ன இருக்கும் என்பதை ஆப் நிறுவனமும் பாட்டுக் கம்பெனியும் பேசி முடிவு செய்கின்றன. நம்மிடம் யாரும் கேட்பதில்லை. பழைய எச்எம்வி பாட்டுகளை வைத்திருக்கும் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் 2019-ல் தகராறு வந்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் ஒப்பந்தம் ஆகும்வரை அந்தப் பாட்டுகள் அங்கே இல்லை. 2023-ல் ஜீ மியூசிக்கின் இந்திப் பாட்டுகள் அதே ஆப்பிலிருந்து காணாமல் போயின. 2024 ஜனவரி இறுதியில் ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைக் கட்டியது. ஆகஸ்டில் வின்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது.

'டவுன்லோடு போட்டு வைத்திருக்கிறேனே' என்பவர்கள் கவனிக்க வேண்டும். சந்தா ஆப்பில் செய்யும் டவுன்லோடு, ஆப்புக்கு உள்ளேயே பூட்டிக் கிடக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் அதுவும் பாடாது. சந்தா நின்றால் டவுன்லோடும் நின்றது.

பாடியவருக்கு என்ன?

அந்த அம்மா மாதம் முழுக்க எம்.எஸ்.வி. பாட்டை மட்டுமே கேட்டாலும், அவர் கட்டிய பணம் முழுவதும் அந்தப் பாட்டுகளுக்குப் போகாது. பெரிய ஆப்களில் எல்லோர் பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, மொத்தத்தில் எது எத்தனை முறை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிப்பதுதான் பொதுவான வழக்கம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு அதில் பங்கு கிடையாது. சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிடும் சின்னக் கலைஞர்களுக்கு இது அடி. அவர்களுடைய பாட்டு பிடித்திருந்தால் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் விலைக்கு வாங்குவது நல்லது. அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்தான். கோப்பும் பூட்டில்லாமல் கைக்கு வரும்.

வீட்டில் செய்யக்கூடியது

உயிரோடு கலந்த நூறு, இருநூறு பாட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதற்குச் சந்தாவோ விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவையோ போதும். நல்ல தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 12 எம்பி. ஆயிரம் பாட்டு சேர்த்தாலும் 12 ஜிபிதான். ஒரு 16 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். ஒரு நகல் கம்ப்யூட்டரில், இன்னொரு நகல் பீரோவில்.

வாங்கிய பாட்டை இறக்கி வைக்காமல் கணக்கிலேயே விட்டுவிடக் கூடாது. ஆப்பிள் கணக்கில், உரிமையாளர் இறந்த பிறகு அவர் நியமித்த வாரிசுத் தொடர்பாளருக்குப் புகைப்படங்கள் கிடைக்கும். அவர் வாங்கிய பாட்டுகளும் படங்களும் கிடைக்காது. கோப்பாக இறக்கி வைத்தால்தான் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

சந்தா ஆப்பில் சேர்த்த பட்டியல்களையும் காப்பாற்ற வழி இருக்கிறது. யூடியூப் மியூசிக் பட்டியலை கூகுள் டேக்அவுட் மூலம் எடுக்கலாம். ஸ்பாட்டிஃபை கணக்கில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்த் தரவைக் கேட்டால் பட்டியலும் சேர்ந்து வரும். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் ஸ்கிரீன்ஷாட் போதும். ஆப் மூடுவதற்கு முன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் இப்போது சமையலறை அலமாரியில் ஒரு பழைய டைரி இருக்கிறது. ஞாபகம் வரும்போதெல்லாம் அம்மா ஒரு வரி எழுதுகிறார். இதுவரை 41 பாட்டு ஆகியிருக்கிறது. போன வாரம் பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டதில் இன்னும் மூன்று கிடைத்தன. "வண்டிப் பாட்டு எதுன்னு மட்டும் அவளுக்கும் தெரியலடி" என்றார் மகளிடம்.