சிக்னல் போன பிறகு சர்வர் என்ன செய்யும்?

புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டங்களில் அடைமழை பிடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். லயத்திலிருந்து அக்கா ஃபோனில் பணம் அனுப்புகிறார். அழுத்திய கையோடு லைன் கட்டாகிவிடுகிறது. பணம் போனதா, இல்லையா? சர்வர் புரோகிராம் எழுதுகிற எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

ஒழுங்காக முடியும் இணைப்பு, முடிவதைச் சொல்லிவிட்டுப் போகும். சிக்னல் அறுந்தால் ஒரு தகவலும் வராது. சர்வர் காத்தே கிடக்கும். எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவை லினக்ஸில் போட்டிருந்தாலும், அமைப்பை மாற்றாவிட்டால் முதல் சோதனைக்கே 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம். அதையும் சேர்த்து 75 விநாடிக்கு ஒன்றாக 9 சோதனை. அதுவரை செத்த இணைப்புகள் இடத்தை அடைத்திருக்கும். நேர வரம்பை நாம்தான் குறைத்து வைக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: எதிர்முனை மூடிவிட்ட இணைப்பில் எழுதப்போனால் சிக்பைப் என்ற சமிக்ஞை வந்து, அதைக் கவனிக்காத புரோகிராமையே நிறுத்திவிடும். ஒருவரின் இணைப்பு போனதற்காக எல்லாருடைய சேவையும் நிற்பது அநியாயம்.

பணமென்றால் இதுவும் போதாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபோனே ஒரு தனி எண் இட்டு அனுப்ப வேண்டும். அக்கா மறுபடி அழுத்தி அதே எண் வந்தால், சர்வர் பழைய பதிலையே தரவேண்டும். இரண்டாம் முறை காசு கழியக்கூடாது. அந்த எண்ணும் கழித்த தொகையும் டேட்டாபேஸில் ஒன்றாகவே பதிய வேண்டும். அப்போதுதான் நடுவில் சர்வரே விழுந்தாலும் கணக்குப் பிசகாது.