பெரிய ஊரில் காலை டிபன்: புறப்படும் முன்பே பார்த்து வைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரம் சீட்டு விளையாடுவார்கள். இரண்டாவது வாரம் பழைய பாட்டுக் கேட்பார்கள். மூன்றாவது வாரம், "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நான் கோவையில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். அவருக்குப் போனிலேயே நான் சொல்லிக் கொடுத்த ஒரு வேலையை உங்களுக்கும் சொல்கிறேன். பழக்கமில்லாத பெரிய ஊருக்குப் போகும் முன், காலை டிபனுக்குச் சரியான இடத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்து வைப்பதுதான் அந்த வேலை.

இதற்கெல்லாமா ஒரு கட்டுரை என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு அப்பாவைப் பெங்களூரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் இரவு பஸ் பிடித்து, விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். "மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்" என்றார்கள். அப்பா அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் செல்போனில் 'பெஸ்ட் பிரேக்பாஸ்ட்' என்று தட்டி, நாலரை நட்சத்திரம் வாங்கிய ஓர் ஓட்டலுக்கு ஆட்டோ பிடித்தேன். இருபது நிமிடப் பயணம். போய் இறங்கினால் ஷட்டர் சாத்தியிருந்தது. வாசலில் கன்னடத்தில் ஒரு பலகை. எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. வாராந்திர விடுமுறை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அடுத்து இன்னோர் இடத்துக்குப் போனோம். அங்கே வாசல் வரை கூட்டம். அதற்குள் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இப்படி இறங்கும். ஒரு தள்ளுவண்டியில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் நிதானத்துக்கு வந்தார். அன்றைய பரிசோதனை வீணாகி, இன்னொரு நாள் மறுபடி போக வேண்டியதாயிற்று.

தப்பு அந்த ஓட்டலுடையது அல்ல, நான் தேடிய விதத்தினுடையது. 'பெஸ்ட்' என்று கேட்டேன், பெஸ்ட் வந்தது. எனக்கு வேண்டியதோ அந்தக் கிழமையில், அந்த மணியில், அந்த ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். அதை நான் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் நாம் மனதில் நினைப்பதைத் தேடாது, தட்டுவதைத்தான் தேடும்.

முதலில் இடம், பிறகு இட்லி

பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்துக்குச் செல்லுங்கள். இது 2005-ல் தொடங்கிய சேவை. செல்போனிலும் இருக்கிறது. ஆனால் வீட்டில் பெரிய திரையில், மவுஸை வைத்துக்கொண்டு பார்ப்பது சுலபம். இடது மேல் மூலையில் உள்ள கட்டத்தில் எடுத்த எடுப்பில் டிபன் என்று தட்டாதீர்கள். அந்தக் காலை நேரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்களோ, அந்த இடத்தின் பெயரைத் தட்டுங்கள். பஸ் நிலையமோ, லாட்ஜோ, ஆஸ்பத்திரியோ, பரீட்சை எழுதப் போகும் கல்லூரியோ எதுவாகவும் இருக்கலாம். என்டர் விசையை அழுத்தியதும் வரைபடம் அந்த இடத்துக்குப் போகும். மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்குங்கள். வரைபடத்தின் கீழே வலது மூலையில் ஒரு சின்ன அளவுகோல் தெரியும். அது 200 மீட்டர் என்று காட்டும் வரை உருட்டினால் போதும். இப்போது இடப்பக்கம் அந்த இடத்தின் விவரங்களுக்கு மேலே உள்ள 'நியர்பை' பட்டனைக் கிளிக் செய்து 'பிரேக்பாஸ்ட்' என்று கொடுங்கள். திரையில் தெரியும் பகுதியை ஒட்டித்தான் விடைகள் வரும். ஊர் முழுவதும் தெரியும்படி வைத்துக்கொண்டு தேடினால் ஊரின் அந்தக் கோடியில் இருப்பதும் வந்து நிற்கும். அன்று எனக்கு நடந்தது இதுதான்.

பெங்களூரில் தேடுகிறீர்கள் என்றால் இரண்டு வார்த்தைகள் தெரிந்திருப்பது நல்லது. காலை டிபனைக் கன்னடத்தில் 'திண்டி' என்பார்கள். 'தர்ஷினி' என்பது டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல். 1980-களில் பெங்களூரில் பரவிய வகை. விலை குறைவு, சுறுசுறுப்பு அதிகம். ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. நாற்காலி இருக்கிறதா என்று ஓட்டலின் படங்களைக் கிளிக் செய்து பார்த்துவிடுங்கள். சாம்பார் ஊற்றிய தட்டைத்தான் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். மேசை நாற்காலி தெரிகிற படம் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பட்டியலின் மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சின்ன எழுத்தோடு ஏதாவது இருந்தால் அது விளம்பரம். தாண்டிப் போங்கள்.

கிழமைதான் முக்கியம்

இப்போது அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது பயணத்துக்கு முன் அவரே உட்கார்ந்து தேடினார். எனக்குப் போன் செய்து, "ஏன் தம்பி, நாம போற திங்கக்கிழமை இது தொறந்திருக்கும்னு எங்க போட்டிருக்கு?" என்றார். நான் இத்தனை வருடம் இன்டர்நெட்டில் தேடியிருக்கிறேன், கேட்காத கேள்வி அது.

விடைகளின் மேலே வரிசையாகச் சில பட்டன்கள் இருக்கும். அதில் 'ஹவர்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'ஓபன் நவ்' என்ற வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது நீங்கள் தேடும் இந்த நிமிடத்தைத்தான் பார்க்கும். ராத்திரி 9 மணிக்குத் தேடினால், காலையில் மட்டும் நடக்கும் அருமையான மெஸ் பட்டியலிலேயே வராது. அதற்குக் கீழே கிழமைகள் இருக்கும். திங்கள் என்று கொடுத்து, மணி 7 என்று கொடுங்கள். பட்டியல் பாதியாகக் குறையும். மீதி இருப்பவைதான் உங்களுக்கானவை. (இந்தப் பட்டன்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். காணவில்லை என்றால் 'ஆல் பில்டர்ஸ்' என்பதற்குள் பாருங்கள்.)

கிழமை எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெங்களூரின் பெயர் பெற்ற மூன்று இடங்களே உதாரணம். லால்பாக் சாலையில் உள்ள எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரவா இட்லியைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. அங்கே திங்கட்கிழமை விடுமுறை. காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவன் 1943-லிருந்து நடக்கிறது. மொறுமொறு தோசைக்கு அங்கே நிற்கும் கூட்டம் அறிந்ததே. வெள்ளிக்கிழமை விடுமுறை. சங்கரபுரத்தில் உள்ள பிராமின்ஸ் காபி பாரில் ஞாயிறு விடுமுறை. அங்கே சாம்பாரே கிடையாது, சட்னி மட்டும்தான். உட்கார இடமும் கிடையாது, தெருவோரம் நின்றுதான் சாப்பிட வேண்டும். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் திங்கட்கிழமை, முழங்கால் வலியோடு போகும் ஒருவருக்கு முதலாவதும் மூன்றாவதும் உதவாது. எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் இது நட்சத்திரத்தில் தெரியாது.

நட்சத்திரம் என்பது எல்லோரும் கொடுத்த மதிப்பெண்ணின் சராசரி, அவ்வளவுதான். பத்துப் பேர் 5 கொடுத்த கடைக்குப் பதினோராவது ஆள் 1 கொடுத்தால் 4.6 ஆகிவிடும். பத்தாயிரம் பேர் மதிப்பிட்ட கடையில் ஒருவர் 1 கொடுத்தால் எதுவும் அசையாது. ஆகவே நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணையும் பாருங்கள். இன்னொன்று, மத்தியானப் பிரியாணிக்காக வாங்கிய நட்சத்திரத்தை நாம் காலை இட்லிக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். இதற்கு வழி உண்டு. கடையின் பெயரைக் கிளிக் செய்து 'ரெவ்யூஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே பூதக்கண்ணாடிப் படத்தைக் கிளிக் செய்தால், அந்தக் கடையின் விமர்சனங்களுக்குள் மட்டும் தேடலாம். 'இட்லி' என்றோ 'மார்னிங்' என்றோ ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'சார்ட்' என்பதில் 'நியூவெஸ்ட்' கொடுத்தால் புதியவை முதலில் வரும். நான் கடைசி இரண்டு மாதத்து விமர்சனங்களைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. மாஸ்டர் மாறினால் சட்னி மாறிவிடும்.

பழைய தகவலை நம்புவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன பெயர் உட்லண்ட்ஸ் டிரைவ் இன். 1962-லிருந்து நடந்த அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது செம்மொழிப் பூங்கா. பழைய சுற்றுலாக் குறிப்புகளை நம்பிப் போனால் அங்கே செடிகளைத்தான் பார்க்கலாம். அதே சென்னையில் 1948-லிருந்து திருவல்லிக்கேணியில் இருக்கும் ரத்னா கபே இன்றும் இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டுக்கொண்டிருக்கிறது. எது மூடியது, எது நடக்கிறது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. விமர்சனத்தின் தேதிதான் சொல்லும்.

கடையின் விவரங்களுக்குக் கீழே சில கடைகளுக்கு 'பாப்புலர் டைம்ஸ்' என்று நீலக் கட்டைகள் வரிசையாக நிற்கும். எந்த மணியில் கூட்டம் என்பதைக் காட்டுவது அது. தங்கள் இருப்பிடத்தைப் பகிரச் சம்மதித்தவர்களின் செல்போன்களிலிருந்து, பெயர் இல்லாமல் தொகுத்துக் கணக்கிடுகிறார்கள். கட்டை உயரமாக இருந்தால் வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். கடைக்குப் படிக்கட்டு உண்டா, நடைபாதை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க 'ஸ்ட்ரீட் வியூ' உதவும். 2011-ல் பெங்களூரில் தெருக்களைப் படமெடுக்கத் தொடங்கியபோது போலீஸ் நிறுத்தச் சொன்னது. பிறகு 2022-ல்தான் பெங்களூர், சென்னை உட்படப் பத்து நகரங்களில் அது வந்தது. வலது கீழ்மூலையில் உள்ள மஞ்சள் பொம்மையை மவுஸால் இழுத்துத் தெருவில் போட வேண்டும். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம் இது. டிபனை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் லால்பாக் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வரைபடத்தில் இல்லாத கடை

பழகிப் பார்க்க, உங்கள் சொந்த ஊரிலேயே முதலில் தேடிப் பாருங்கள். அப்பா ஏற்காட்டில் தேடினார். ஏரியைச் சுற்றியுள்ள ஓட்டல்கள், ரிசார்ட்டுகள் எல்லாம் வந்தன. ஒண்டிக்கடைப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பனிமூட்டத்திலேயே அடுப்பு மூட்டும் ஒரு சின்னக் கடை உண்டு. முப்பது வருடமாக அவர் டிபன் சாப்பிடும் இடம். அது வரவில்லை. யாராவது பதிவு செய்தால்தான் ஒரு கடை திரையில் வரும். திறக்கும் நேரத்தையும் கடைக்காரரோ, வந்துபோகும் நம்மைப் போன்றவர்களோதான் எழுதுகிறார்கள். பண்டிகை நாளில், கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அதை யாரும் போய் மாற்றுவதில்லை. அதனால் திரையில் இருக்கும் போன் எண்ணுக்கு முந்தின நாள் மாலை ஒரு தடவை பேசிவிடுங்கள். பெங்களூரில் தமிழில் கேட்டாலும் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

எங்கள் மலையில் மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடும். பஸ்ஸில் போகும்போது செல்போன் சார்ஜும் போய்விடும். ஆகவே தேர்ந்தெடுத்த கடையை வரைபடத்தோடு திரையில் வைத்து, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டி அச்செடுங்கள். பிரிண்டர் இல்லாவிட்டால் கடை விவரத்தில் உள்ள 'சென்ட் டு போன்' மூலம் செல்போனுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஒன்றல்ல, இரண்டு கடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தெருப் பக்கம் இருந்தால் மேலும் நல்லது.

அந்தத் திங்கட்கிழமை அப்பாவின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பேர் பெற்ற எந்தக் கடையும் அதில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து 300 மீட்டரில் ஒரு சாதாரண ஓட்டல், நட்சத்திரம் 4.1. பக்கத்தில் எஸ்டேட் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போல் அழகாக, 'திங்கள் 6.30 திறப்பு, நாற்காலி உண்டு, போனில் பேசியாச்சு' என்று எழுதியிருந்தார். 7.10-க்கு ரத்தம் கொடுத்தார். 7.25-க்கு இலையில் நான்கு இட்லி வந்தது. சர்வர் சாம்பார் வாளியோடு வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேணாம்ப்பா, சட்னி மட்டும் போடு. இங்க சாம்பார்ல வெல்லம் போடுவாங்கன்னு நாலு பேர் எழுதியிருக்காங்க."