முன்சக்கரம் சொல்லும் சேதி

பவணந்தி முனிவர் நன்னூலில் இரட்டைக்கிளவி என்றொரு சொல்வகையைக் கூறுகிறார். சலசல, கடகட என்று இரட்டித்தே வரும்; பிரித்தால் பொருள் தராது. அவருக்கு முன்பே தொல்காப்பியரும் இதைச் சொல்லியுள்ளார். இலக்கணப் பாடமென்று நாம் படித்து விட்டுவிட்ட இவ்வகை ஒலிச் சொற்களுக்கு மெக்கானிக் ஷெட்டிலும் வேலை உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அங்குள்ள மெக்கானிக்கின் மொழி சரளமாக வராமல் போகலாம். ஆனால் "கடகட" என்பதற்கும் "கீச் கீச்" என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்த ஊர் மெக்கானிக்குக்கும் புரியும்.

ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியாகப் புத்தூர் போகும் சாலையில் உள்ளது பிச்சாட்டூர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். மாங்காய்ப் பருவத்தில் பிக்கப் வண்டிகள் தோப்புக்குள் மண்பாதையில் இறங்கி, பாரம் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலைக்கு வரும். காலி வண்டியாகவும் பாரவண்டியாகவும் கல்லிலும் குழியிலும் மாறி மாறி ஓடுவதால் முதலில் அடிபடுவது முன்பக்கம்தான்.

முன்பக்க அமைப்பு பொதுவாக இரண்டு வகை. ஒன்று, குறுக்கே ஒரே அச்சு, அதன்மேல் கமான் பட்டை. 2005-இல் வந்த டாடா ஏஸ் இவ்வகை. மற்றது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், சுருள் ஸ்பிரிங், பால் ஜாயிண்ட் உள்ளது. டொயோட்டா ஹைலக்ஸ் இவ்வகை. நம் வண்டி எது என்று முதலில் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒலிகளுக்கு வருவோம்.

கீச் கீச்: மெதுவாகப் போகையில் வரும். ரப்பர் புஷ் காய்ந்திருக்கும், அல்லது பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். மழையில் நனைந்தால் அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். ரப்பரில் எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவக் கூடாது. ரப்பர் ஊதிக் கெடும். சிலிக்கோன் கிரீஸ்தான் ஏற்றது. ஷேக்கிள் பின்னில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், சேஸிஸைத் தூக்கிப் பாரத்தை இறக்கிவிட்டு, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.

டக் டக்: சிறு குழிகளில் கேட்கும். வேகத்தடையில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது சத்தமில்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் சத்தம் வருகிறது என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். இரு சக்கரமும் சேர்ந்து எழுந்தால் அந்தக் கம்பி முறுக்கேறாது. ஒன்று மட்டும் எழுந்தால்தான் முறுக்கேறி லிங்க்கை இழுக்கும். செலவு குறைவு, ஆபத்தும் குறைவு.

டொக்: பிரேக் பிடித்தால் ஒன்று, ரிவர்ஸ் எடுத்தால் ஒன்று. ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம். பட்டை வண்டியில் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம், சென்டர் போல்ட் முறிந்திருக்கலாம். முறிந்தால் அச்சே நகரும்; அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

தொம்: பள்ளத்தில் விழும்போது அடி இடிக்கும் சத்தம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுவதே முறை.

ஊம் என்று வேகத்தோடு கூடும் ஒலி பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது டயர். அதற்காக ஆர்மைக் கழற்ற வேண்டாம்.

சத்தம் சேஸிஸ் வழியே ஓடுவதால் இடப்பக்கக் கோளாறு வலப்பக்கம் கேட்கும். சமண நூல்கள் சொல்லும் அநேகாந்தம் இங்கே உதவுகிறது: ஒரு கோணத்தில் அறிந்தது முழு உண்மை ஆகாது. டிரைவர் சீட்டில் கேட்டது ஒரு பங்கு. வெளியே நடந்தபடி கேட்பது இன்னொரு பங்கு. ஒருவர் வண்டியை மேலும் கீழும் அமுக்க, இன்னொருவர் இணைப்பின்மேல் விரல் வைத்துப் பாத்தா, துடிப்பு கையிலேயே தெரியும்.

பிறகு ஜாக்கி. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகே கை வைக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், பால் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆர்மின் அடியிலேயே தூக்க வேண்டும்; இல்லையேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் தேய்மானம் மறைந்துவிடும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், பட்டை வண்டியில் கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் எண்ட்.

பொருத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. யூ போல்ட்டைப் பாரத்தோடு சிறிது ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். ஆர்ம், டை ராட் எண்ட் மாற்றினால் அலைன்மெண்ட் பார்க்காமல் விடக் கூடாது.

ஆகவே ஷெட்டுக்குப் போகுமுன் ஒரு சீட்டில் நாலு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன ஒலி, எந்தப் பக்கம், எப்போது, பாரத்தோடா காலியாகவா. சீட்டில்லாமல் போனால் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாறும். பணம் போகும், சத்தம் இருக்கும். கீச் கீச் ஒரு மாதம் பொறுக்கலாம். பால் ஜாயிண்ட்டோ டை ராட் எண்டோ ஆடுகிறது என்றால் ஒரு நடைகூடப் பொறுக்கக் கூடாது. அது கழன்றால் சக்கரம் சாயும், ஸ்டியரிங் கைவிடும். வண்டியில் இருப்பது சரக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைகளும்தான்.