ஒரே ரேஸ்... மூணு நாலு வின்னர்! கார் பந்தயத்துல 'கிளாஸ்' எதுக்கு?

2025 ஜனவரி. துபாய் 24 மணி நேரப் பந்தயம் முடிந்ததும் தேசியக் கொடியோடு அஜித் கொண்டாடிய வீடியோவை நாம எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம். 'அஜித் அணி மூன்றாம் இடம்' என்றன தலைப்புச் செய்திகள். முழு ரிசல்ட் பட்டியலைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் குழப்பம். அந்த காருக்கு முன்னால் ஏகப்பட்ட கார்கள் இருந்தன. அப்போ மூணாவதுன்னா என்ன கணக்கு?

அது அந்த கார் ஓடிய பிரிவில் மூன்றாவது. பந்தயத்துக்கு முன் நடந்த பயிற்சியில் அஜித்தின் கார் விபத்தில் சிக்கியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு தன் அணியின் போர்ஷே 911 ஜிடி3 கப் காரை மற்ற டிரைவர்களிடம் விட்டுவிட்டு, வேறொரு அணியின் போர்ஷே கேமன் ஜிடி4 காரை அவர் ஓட்டினார். ஆக, ஒரே பந்தயத்தில் ஓனராக ஒரு பிரிவு, டிரைவராக இன்னொரு பிரிவு. இரண்டுமே மொத்தமாக ஜெயித்த ஜிடி3 பிரிவு கிடையாது. (பெயரில் 'ஜிடி3' இருந்தாலும் 'ஜிடி3 கப்' கார் ஜிடி3 பிரிவில் வராது. போர்ஷேகாரர்கள் பேர் வைக்கும்போது நம்மைப் பற்றி யோசிக்கவே இல்லை.)

ஃபார்முலா 1-ல் இந்தக் குழப்பம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி, முதலில் கோட்டைத் தொட்டவர் வின்னர். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் வேற மாதிரி. வேகமான காரும் அதைவிட மெதுவான காரும் ஒரே டிராக்கில், ஒரே நேரத்தில் ஓடும். யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதை டிராக் தீர்மானிக்காது, விதிப்புத்தகம்தான் தீர்மானிக்கும்.

இதன் உச்சம் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரம். 'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்தவர்களுக்கு ஊர் தெரியும். 2012-ல் நம்ம சென்னையின் கருண் சந்தோக் அங்கே பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் அணி மொத்த வரிசையிலேயே ஆறாவது வந்தது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். சமீப ஆண்டுகளில் 62 கார்கள், மூன்று பிரிவுகள்.

மேலே ஹைப்பர்கார். ஃபெராரி, டொயோட்டா, காடிலாக் மாதிரி கம்பெனிகள் நேரடியாக மோதும் இடம். நடுவில் எல்எம்பி2. எல்லோருக்கும் ஒரே கிப்சன் வி8 இன்ஜின், காரும் அநேகமாக எல்லாம் ஓரேகா 07. கீழே எல்எம்ஜிடி3. ரோட்டில் ஓடும் போர்ஷே 911, கார்வெட், மஸ்டாங் போன்றவற்றின் ரேஸ் வடிவம்.

ஹைப்பர்கார் ஒரு சுற்றை சுமார் 3 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கும். ஜிடி3 காருக்கு 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றுக்கு அரை நிமிட வித்தியாசம். கணக்குப் போட்டால், ஏழெட்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஹைப்பர்காரும் ஒவ்வொரு ஜிடி3 காரையும் முழுசாக ஒரு சுற்று முந்தியாக வேண்டும். 24 மணி நேரமும், ராத்திரி இருட்டிலும், மழை பெய்தாலும்!

பெட்ரோல் டாங்க்கில் சூட்கேஸ்

விதின்னு ஒன்று வந்தால் அதில் ஓட்டை தேடும் ஆள் வராமல் இருப்பாரா?

1969-ல் 5 லிட்டர் இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்ட வேண்டும் என்றால் அந்த மாடலில் 25 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. யாரும் அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட விதி. போர்ஷே 917 மாடலில் 25 காரையும் செய்து, தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டியது. அசெம்பிள் செய்ய ஆபீஸ் ஊழியர்களைக்கூட இழுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே அந்த கார் லே மான்ஸை ஜெயித்தது.

1994-ல் இன்னும் ஜோர். ஜிடி பிரிவில் ரோட்டு கார்தான் ஓட வேண்டும் என்று விதி. டாவர் என்ற ஜெர்மன் நிறுவனம், பழைய போர்ஷே 962 ரேஸ் காரையே ரோட்டு கார் ஆக்கி நம்பர் பிளேட் வாங்கியது. 'ரோட்டு கார்தானே' என்று திரும்ப அதையே ரேஸுக்குக் கொண்டுவந்து ஜெயித்தார்கள். 1998-ல் டொயோட்டா ஜிடி-ஒன் காருக்கு சூட்கேஸ் வைக்க இடம் வேண்டும் என்றது விதி. காலியாக இருந்தால் பெட்ரோல் டாங்க்கிலேயே ஒரு சூட்கேஸ் வைக்கலாமே என்று டொயோட்டா வாதாடியது. அதிகாரிகளும் தலையாட்டிவிட்டார்கள்!

படிக்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் இந்த ஓட்டப்பந்தயம் முடிகிற இடம் எப்போதும் பணம். 2010-களில் எல்எம்பி1 பிரிவில் ஆடி, போர்ஷே, டொயோட்டா மூன்றும் ஹைபிரிட் கார்களில் பணத்தை வாரி இறைத்தன. டீசல் மோசடி விவகாரத்துக்குப் பிறகு 2016-ஓடு ஆடி கிளம்பியது. 2017-ஓடு போர்ஷே. 2018-ல் டொயோட்டா முதல் இரண்டு இடத்தையும் பிடித்தது. மூன்றாவதாக வந்த கார் வின்னரைவிட 12 சுற்று பின்னால். இதை ரேஸ்னு சொல்றதா, ஊர்வலம்னு சொல்றதா?

37 கிலோ பாரம்

அதனால்தான் ஹைப்பர்கார் விதிகள் வந்தன. சாராம்சம் இதுதான்: நீ எப்படி வேண்டுமானாலும் கார் செய். முழுக்க சொந்தமாகச் செய்யலாம், அல்லது அனுமதிக்கப்பட்ட நான்கு நிறுவனங்களில் ஒன்றிடம் சேஸி வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஹைபிரிட் சிஸ்டத்தைப் பொருத்திக்கொள்ளலாம். கடைசியில் எடை, பவர், ஒரு பிட் ஸ்டாப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் செலவழிக்கும் எனர்ஜி ஆகியவற்றைக் கூட்டிக் குறைத்து எல்லா காரையும் நாங்களே சமப்படுத்திவிடுவோம். இதன் பெயர் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமாக பி.ஓ.பி. ஜிடி3-ல் இது பல வருடமாக இருக்கிறது. தெரு கிரிக்கெட்டில் நல்லா அடிக்கிற அண்ணனை 'நீங்க இடது கையில ஆடுங்க' என்போமே, கிட்டத்தட்ட அது.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. 50 வருடம் கழித்து 2023-ல் ஃபெராரி லே மான்ஸின் மேல் பிரிவுக்குத் திரும்பியது. 2024-ல் ஹைப்பர்காரில் ஒன்பது பிராண்டுகள். 24 மணி நேரம் ஓடிய பிறகு முதல் இரண்டு கார்களுக்கு நடுவே வெறும் 14 விநாடி.

பிரச்னையும் இங்கேதான் இருக்கிறது. 2023 சீஸனின் முதல் மூன்று பந்தயங்களையும் டொயோட்டா ஜெயித்தது. லே மான்ஸ் முடியும்வரை பிராண்டுக்குப் பிராண்ட் மாற்றம் இருக்காது என்பதுதான் அதுவரை ஏற்பாடு. லே மான்ஸுக்கு சுமார் பத்து நாள் முன்பு திடீரென எடை கூட்டினார்கள். டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு 3. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூடவே உட்காரவைத்து 24 மணி நேரம் ஓட்டுவது மாதிரி. 342 சுற்று முடிவில் ஃபெராரி 81 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது, டொயோட்டா இரண்டாவது. கடைசிக் கட்டத்தில் டொயோட்டா டிரைவர் ஹிரகாவா தடுப்பில் மோதி நேரத்தை இழந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 'அந்த 37 கிலோ இல்லாமல் இருந்திருந்தால்' என்ற கேள்வி இன்னும் சாகவில்லை.

இதைப் பற்றி அணிகள் வாய்விட்டுப் புலம்பவும் முடியாது. பி.ஓ.பி பற்றி மீடியாவிலோ சோஷியல் மீடியாவிலோ கருத்து சொல்லக் கூடாது என்று உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பந்தயத்தின் முடிவையே அசைக்கக்கூடிய விஷயத்தை, அதில் ஓடுகிறவர் பேசக் கூடாது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், நல்ல காரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, எடை குறைய வைக்கப் பார்க்கும் தந்திரமும் உண்டு. அதற்கு 'சாண்ட்பேகிங்' என்று பெயர். அதைப் பிடிக்கத்தான் சக்கரத்துக்குப் போகும் விசையை காரிலேயே சென்சார் வைத்து அளக்கிறார்கள். அப்போதும் சந்தேகம் முழுசாகத் தீருவதில்லை.

ஆளுக்கும் கிளாஸ் உண்டு

காரைப் பிரித்த மாதிரி டிரைவரையும் பிரிக்கிறார்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று நான்கு தரம். பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டு, முப்பது வயதுக்கு மேல் ரேஸுக்கு வந்தவர்கள். எல்எம்ஜிடி3-ல் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் டிரைவராவது இருந்தே ஆக வேண்டும். ஒப்புக்குச் சேர்த்த ஆள் இல்லை, குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் அவர் ஓட்ட வேண்டும் என்றும் கணக்கு உண்டு. உண்மையைச் சொன்னால், பல அணிகளில் பணம் கொண்டுவருவதும் அவர்தான். ப்ரோ டிரைவர்களின் சம்பளமே அதிலிருந்து வரும்.

நடிகர்களுக்கு லே மான்ஸ் கதவு திறந்ததும் இந்த வழியில்தான். 2015-ல் அமெரிக்க நடிகர் பேட்ரிக் டெம்ப்ஸியின் அணி அமெச்சூர் ஜிடி பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. இந்தத் தர வரிசையெல்லாம் வருவதற்கு முன்பே, 1979-ல் பால் நியூமேன் மொத்த வரிசையிலேயே இரண்டாவது வந்தார். அவருடைய லெவலே வேற!

2024-ல் எல்எம்ஜிடி3 பிரிவை ஜெயித்த மான்தே போர்ஷேயில் மூன்று பேர். அனுபவசாலி ரிச்சர்ட் லீட்ஸ், 19 வயது மோரிஸ் ஷூரிங், ஆஸ்திரேலியத் தொழிலதிபர் யாசர் ஷாஹின். இந்தப் பிரிவில் ப்ரோக்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதனால் பிரான்ஸ் டிரைவர் எவ்வளவு நேரத்தைக் காப்பாற்றுகிறார் என்பதில்தான் பாதி ரிசல்ட் ஒளிந்திருக்கிறது.

அடுத்த ஜூனில் லே மான்ஸ் பார்த்தால் காரின் நம்பர் எந்த நிறப் பட்டையில் இருக்கிறது என்று கவனியுங்கள். சிவப்பு ஹைப்பர்கார், நீலம் எல்எம்பி2, ஆரஞ்சு எல்எம்ஜிடி3. நம்ம நேரத்துக்கு சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஆரம்பம். ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்தால் அங்கே அதிகாலை மூன்று மணி. ஆரஞ்சு நம்பர் காரில் ஏதாவது ஒரு தொழிலதிபர், கண்ணாடியில் பின்னால் பாய்ந்து வரும் ஹைப்பர்கார் வெளிச்சத்தைப் பார்த்தபடி, தன் கிளாஸில் மூன்றாம் இடத்தைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருப்பார்.