கைப்பேசிக்குள் ஒரு மறைவான அறை

கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் கைப்பேசியில் கருவுற்ற தாய்மாரின் விவரங்களும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும் இருத்தல் கூடும். ஆசிரியரின் கைப்பேசியிலோ மாணவர்களின் படங்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. மாலையில் வீடு திரும்பியதும் அதே கைப்பேசி குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகிறது. அவசரமெனில் அண்டை வீட்டாரும் அதைக் கேட்டு வாங்குவர். காசநோய்க்கு மருந்துண்ணும் ஒருவரின் பெயர் இவ்வழியே ஊரில் பரவினால், அவர் சிகிச்சைக்கு வரவே அஞ்சக்கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைக் காக்கும் கடமை, பிறர் விவரங்களைக் கையில் வைத்திருப்போருக்கும் உண்டு.

ஒரே கைப்பேசியைப் பல அறைகளாகப் பிரித்தல் இதற்கு உதவும் ஒரு முறையாகும். ஆண்டிராய்டு இயக்க முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களுக்கான வசதி 2012-ல் பலகைக் கணினிகளுக்கும், 2014-ல் கைப்பேசிகளுக்கும் அளிக்கப்பெற்றது. 2024-ல் வெளிவந்த 15-ஆம் பதிப்பில் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்னும் தனியிடம் சேர்க்கப்பட்டது. சாம்சங் நிறுவனத்தின் கைப்பேசிகளில் 'செக்யூர் ஃபோல்டர்' என்னும் பெயரில் இதையொத்த வசதி உண்டு.

இது செயற்படும் விதம் எளிதில் விளங்கக்கூடியதே. தனியிடம் என்பது மறைத்து வைத்த வெறும் கோப்புறையன்று. கைப்பேசியினுள் இயங்கும் வேறொரு பயனர் கணக்கு ஆகும். அங்கே நிறுவப்பெறும் செயலிக்கு வெளியிலுள்ள அதே செயலியினின்று வேறான சேமிப்பிடம் உண்டு. கோப்புகள் யாவும் மறைகுறியீடாக மாற்றப்பட்டே எழுதப்படுகின்றன. அவற்றைப் படிக்க வேண்டிய திறவுகோல், உரியவர் கடவுச்சொல்லை இட்ட பின்னரே கிட்டும். அறையைப் பூட்டியவுடன் அதனுள் இயங்கும் செயலிகள் நிறுத்தப்படுகின்றன. செயலிப் பட்டியலிலும் அறிவிப்புகளிலும் அவை தோன்றா. பூட்டிய நிலையில் அறையையே கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்து வைக்கவும் இயலும்.

அமைப்புகளில் 'பாதுகாப்பும் தனியுரிமையும்' என்னும் பகுதியில் இவ்வசதியைக் காணலாம். அமைக்குங்கால் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளல் வேண்டும். முதலாவது, கைப்பேசியின் பூட்டுக்கும் தனியிடத்தின் பூட்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் அமைத்தல் நன்று. இரண்டும் ஒன்றாயின், வெளிக்கதவைத் திறக்கத் தெரிந்த வீட்டார் உட்கதவையும் திறந்துவிடுவர். இரண்டாவது, அதற்கெனத் தனியான கூகுள் கணக்கைப் பயன்படுத்துதல் வேண்டும். இல்லையேல் உள்ளே எடுத்த படம், கணக்கின் வாயிலாக வெளியிலும் தோன்றக்கூடும்.

இம்முறைக்கு எல்லைகளும் உள. அறை பூட்டியிருக்கும்போது அதனுள் உள்ள செயலிகள் அறிவிப்பு எதனையும் தாரா. ஆகவே மருந்து வேளையை நினைவூட்டும் செயலி போன்றவற்றை அங்கு வைத்தலாகாது. அறையை அழித்தால் அதிலுள்ள தரவுகளும் அழியும். தீங்கு விளைக்கும் செயலி கைப்பேசியில் புகுந்தாலோ, கைப்பேசியைப் பிறர் கணினியுடன் இணைத்தாலோ, தனியிடமும் முழுக் காப்பு ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை அனுப்பிய பட்டியல் மற்றவர் கைப்பேசிகளிலும் இருக்குமாதலால், அதனை இங்கு மறைப்பதால் பயனில்லை.

எனவே முதற்காப்பு, தேவையற்றதைச் சேமியாதிருத்தலேயாம். அலுவல் விவரங்களைச் சொந்தக் கைப்பேசியில் வைக்கலாமா என்பதைத் துறையின் விதிகளே முடிவு செய்தல் வேண்டும். விதி இடந்தரும் விவரங்களையும் பணி முடிந்ததும் நீக்கி, எஞ்சியவற்றை மட்டும் பூட்டிய அறையில் வைத்தல் தகும். வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விக்குத் தம் நோயை மனந்திறந்து கூறியவர், அப்பணியாளரின் நாவை நம்பியதுபோலவே அவர்தம் கைப்பேசியையும் நம்பியிருக்கிறார்.