டெக்சஸ்ல பிறக்காத டெக்சஸ் கடை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான். "அண்ணா, ஆகஸ்ட்ல மாஸ்டர்ஸ் படிக்க இண்டியானா வர்றேன். வந்ததும் டெக்சஸ் ரோட்ஹவுஸ் கூட்டிட்டுப் போறோம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. அங்க எப்படி ஆர்டர் பண்றது?" நல்ல கேள்வி. நானும் அதே இண்டியானாவுலதான் முதல் தடவை அங்க போனேன். அன்னைக்கு நான் பண்ண தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல அந்தப் பேரு. டெக்சஸ் ரோட்ஹவுஸ் டெக்சஸ்ல ஆரம்பிச்சதில்லை. கென்ட் டெய்லர் என்பவர் 1993-ல் முதல் கடையைத் திறந்தது இண்டியானாவின் கிளார்க்ஸ்வில் ஊரில். தலைமை அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியின் லூயிவில்லில். இதே மாதிரி, ஆஸ்திரேலியா வேஷம் போட்ட அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் 1988-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தது. அதாவது கௌபாய் தொப்பி, மரப்பலகைச் சுவர், நியான் விளக்கு, கன்ட்ரி மியூசிக் எல்லாம் ஒரு செட். சினிமா செட்னு தெரிஞ்சும் நாம படத்தை ரசிக்கிறோம்ல, அப்படித்தான்.

உள்ள போனதும் கண்ணாடிப் பெட்டியில பச்சை இறைச்சி அடுக்கி வெச்சிருப்பாங்க. இதை அந்தந்தக் கடையிலயே ஆள் வெச்சு வெட்டுறாங்க. டேபிள்ல உட்கார்ந்ததும் சூடான பன்னும், பட்டையும் தேனும் கலந்த வெண்ணெயும் வரும். அதுக்குக் காசு கிடையாது. நான் நாலு பன் சாப்பிட்டுட்டு, மெயின் தட்டு வந்தப்ப திணறினேன். நீங்க ரெண்டோட நிறுத்துங்க. யாருக்காவது பிறந்தநாள்னா குதிரைச் சேணத்துல உட்கார வெச்சு கடையே கத்தும். கூச்ச சுபாவம்னா நண்பர்கள்கிட்ட முன்னாடியே கெஞ்சி வெச்சுக்கோங்க.

அடுத்து ஸ்டேக். சர்லாயின்ல கொழுப்பு கம்மி, விலையும் கம்மி. ரிப்-ஐல கொழுப்பு இழையோடியிருக்கும், அதனால ருசி அதிகம். ஃபிலே ரொம்ப மிருது. ஆர்டர் எடுக்கறவங்க "எந்தப் பதத்துல வேணும்?"னு கேட்பாங்க. ரேர்னா உள்ள சிவப்பு, மீடியம்னா நடுவுல இளஞ்சிவப்பு, வெல் டன்னா முழுசா வெந்தது. "ஐயோ, ரத்தம்!"னு நானும் பயந்தேன். அது ரத்தம் இல்லை. தசையில இருக்கற மயோகுளோபின்ங்கற புரதம் தண்ணியோட கலந்து வர்ற நிறம்.

ஆனா முழுசா வேகாததைச் சாப்பிடலாமா? முழுத் துண்டு இறைச்சியில கிருமி பெரும்பாலும் மேல்பரப்புலதான் இருக்கும், கல்லுல சுடும்போது அது செத்துடும். கொத்துக்கறியில மேல இருந்தது உள்ளேயும் கலந்துடும். அதனாலதான் அமெரிக்க விவசாயத் துறை முழுத் துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸ் சூடும் 3 நிமிஷ ஓய்வும் போதும்னு சொல்லுது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி கேட்குது. அந்தக் கணக்குப்படி ரேர், மீடியம் ரேர் ரெண்டும் 63-க்குக் கீழதான் வரும். பழக்கம் இல்லாதவங்க மீடியம்ல ஆரம்பிங்க. வெல் டன் கேட்டா யாராவது சிரிச்சா சிரிக்கட்டும், சாப்பிடப் போறது நீங்க.

பீஃப் வேண்டாம்னா சிக்கன், சால்மன் மீன் இருக்கு. சைவம்னா சுட்ட உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சாலட். கிரீன் பீன்ஸ் மட்டும் விசாரிச்சுட்டு வாங்குங்க, அதுல பேக்கன் போட்டிருப்பாங்க.

இப்ப என் தப்பு. அன்னைக்கு நாங்க நாலு பேர். பில் 96 டாலர். நான்தான் கார்டு கொடுத்தேன். டிப்ஸ் கட்டத்துல 5 டாலர்னு எழுதினேன். நம்ம ஊர்ல 400 ரூபாய், தாராளம்னு நினைச்சேன். பார்க்கிங்ல வந்து ரூம்மேட் கேட்டான்: "டேய், அந்தப் பொண்ணுக்கு மணிக்கு என்ன சம்பளம்னு தெரியுமா?"

அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனா டிப்ஸ் வாங்குற வேலைன்னா முதலாளி நேரடியா 2.13 டாலர் கொடுத்தா போதும். மீதி டிப்ஸ்ல வரணும். வரலைன்னா முதலாளி ஈடுகட்டணும். இந்த 2.13, 1991-லிருந்து மாறவே இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்கள்ல இந்தச் சலுகை கிடையாது. இண்டியானாவுல உண்டு. அதனால 15-லிருந்து 20 சதவீத டிப்ஸ் அங்க அன்பளிப்பு இல்லை, சம்பளத்தோட ஒரு பகுதி. மெனுவுல போடாத விலைன்னு வெச்சுக்கோங்க.

இது கென்ட் டெய்லர் கெட்டவர்னு சொல்ற கதை இல்லை. 2020 கொரோனா நேரத்துல அவர் தன்னோட சம்பளத்தையும் போனஸையும் விட்டுக்கொடுத்து ஊழியர்களுக்குச் செலவு பண்ணவர். முதலாளி நல்லவரா இருக்கறது வேற, சட்டம் வேற.

எனக்கு ஏன் இது உறுத்துச்சுன்னா, எங்கப்பா திருச்சியில ஒரு மெஸ்ல சப்ளையர். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய், அஞ்சு ரூபாய் எல்லாம் எடுத்து நீவி அடுக்குவார். அந்தக் காசுலதான் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்துச்சு. அவர் பையன் நான், டேபிளைத் துடைச்சவங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காம வெளிய வந்திருக்கேன்.

திரும்ப உள்ள போனேன். அந்தப் பொண்ணு பன் கூடையைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிட்டிருந்தாங்க. "எனக்குத் தெரியலை, மன்னிச்சுக்கோங்க"ன்னு 15 டாலரைக் கொடுத்தேன். "பரவாயில்ல, நிறைய பேருக்குத் தெரியாது"ன்னு சிரிச்சாங்க.

அதனால தம்பி, மெனு பார்க்கும்போதே வரியையும் 20 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடு. கையில அவ்வளவு இல்லைன்னா ரிப்-ஐயை விட்டுட்டு சர்லாயின் சொல்லு. டிப்ஸ்ல கை வைக்காதே. பன் ரெண்டுதான், ஞாபகம் வெச்சுக்கோ. அடுத்த வாரம் பார்ப்போம்.