சின்னப்பா பழகிய சுருள்பட்டை

ஆலங்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். பிரேசில் தேசத்து மல்லர்கள் கம்பி வலைக் கூண்டுக்குள் நின்று, குத்து, உதை, தூக்கி எறிதல், தரையில் கிடந்தபடியே கழுத்தைப் பூட்டுதல் என்று சகல வித்தைகளையும் ஒன்றாகக் கலந்து பொருதுவதைத் தாம் இரவெல்லாம் கண் விழித்துப் பார்ப்பதாகவும், இவ்விதம் பல வித்தைகளை ஒரே தேகத்தில் தாங்கிய ஒருவர் நம் புதுக்கோட்டைச் சீமையில் எக்காலத்திலேனும் இருந்ததுண்டா என்று அறிய விரும்புவதாகவும் அதில் கண்டிருக்கிறது. கேள்வியில் கொஞ்சம் பரிகாசம் தொனித்தாலும் விஷயம் நல்ல விஷயமே. அப்படி ஒருவர் இருந்தார்; அவர் முகத்தைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருந்தது; ஆனால் அந்த முகத்துக்குக் கீழே இருந்த தோளும் மணிக்கட்டும் எங்கே உருவாயின என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

குஸ்தி இன்னது, குத்துச்சண்டை இன்னது என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிட்டு, முதலில் பிரேசில்காரர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய வித்தையின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் நிறுவிய கோடோகான் பள்ளியில் ஜூடோ பயின்ற மித்சுயோ மயேதா என்பவர், தேசதேசாந்தரங்களில் பந்தய மல்யுத்தம் செய்து திரிந்து, 1914-இல் பிரேசிலை அடைந்து, பிற்பாடு அமேசான் முகத்துவாரத்தை ஒட்டிய பெலேம் நகரில் தங்கிவிட்டார். அவரிடம் பாடம் கேட்ட கார்லோஸ் கிரேசி 1925-இல் ரியோ நகரில் ஒரு பள்ளி திறந்தார். அவருடைய தம்பி எலியோவுக்கு மெலிந்த சரீரம். ஆகவே பலத்தை நம்பாமல் நெம்புகோல் தத்துவத்தை நம்பி, கீழே மல்லாந்து கிடப்பவனே மேலே இருப்பவனைப் பூட்டிவிடும் பிடிகளை அக்குடும்பத்தார் மெல்ல மெல்லத் திருத்தி வளர்த்தார்கள். எலியோவின் மகன் ராய்ஸ், ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள மனிதர், எடைப் பிரிவு என்பதே இல்லாமல் அமெரிக்காவின் டென்வர் நகரில் 1993 நவம்பர் 12 அன்று நடந்த முதல் கூண்டுப் போட்டியில் ஒரே இரவில் மூவரை அடுத்தடுத்துப் பணிய வைத்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே இரவில் நால்வரை வென்றார். அவ்வாண்டு டிசம்பரில், தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதலான டான் செவெர்ன் என்ற மல்லரின் அடியில் கால் மணி நேரம் நசுங்கிக் கிடந்து, கடைசியில் தம் இரு கால்களாலேயே அவருடைய கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டினார். எல்லா வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டாகையால், 2000 மே மாதம் தோக்கியோவில் சகுராபா என்பவரோடு தொண்ணூறு நிமிஷம் பொருத பின், ராய்ஸ் எழுந்து நிற்க இயலாத நிலையில், அவர் தரப்பார் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீரரின் வாழ்க்கையாக இது பெரிது. ஆனாலும் இதில் நான் கவனிப்பது, அவருக்குப் பின்னால் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகக் கதவு மூடாமல் நின்ற ஒரு பள்ளிக்கூடத்தைத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பி.யு. சின்னப்பா 1916 மே 5-ஆம் தேதி, அப்போது தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டையில், உலகநாத பிள்ளை என்ற நாடக நடிகருக்கு மகனாகப் பிறந்தார். பாலப் பருவத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் வேஷத்துக்குப் பேர்போனவரானார். பிற்காலத்தில் முதலமைச்சரான எம்.ஜி.ஆரும் அக்கம்பெனியில் பிள்ளை நடிகராக இருந்தவரே. பாய்ஸ் கம்பெனிகளின் சோகம் யாவரும் அறிந்தது. மீசை அரும்பிக் குரல் உடையும் தருணத்தில், அதுவரை ராஜாவாக இருந்த பையன் ஒரே வாரத்தில் யாருக்கும் வேண்டாதவனாகிவிடுவான். சின்னப்பாவுக்கும் அந்தத் தருணம் வந்தது. ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் முறையாகச் சங்கீதம் பயின்றார். மறு பக்கம் சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல், சுருள்பட்டை வீசுதல் ஆகிய நான்கையும் பழகினார். பாடகனுக்கு வேண்டிய மூச்சையும் பயில்வானுக்கு வேண்டிய மூச்சையும் ஒரே மார்பில் வளர்த்துக்கொண்ட மனிதர் வேறொருவரை நான் அறியேன்.

1936-இல் ‘சந்திரகாந்தா’ மூலம் சினிமாவில் நுழைந்த அவர், 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேஷத்தில் தோன்றினார்; தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரு வேஷம் பூண்டது அதுவே முதன்முறை. ‘ஆரியமாலா’வும் ‘கண்ணகி’யும் அவரைப் புகழின் சிகரத்தில் ஏற்றின. 1944-இல் வந்த ‘ஜகதலப்ரதாப’னில், ஒரே காட்சியில் பல சின்னப்பாக்களாக அமர்ந்து, பாடுகிறவரும் பக்கவாத்தியக்காரர்களும் தாமேயாகிக் கச்சேரி செய்தார். சம்பாதித்த பணத்துக்கெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக்கொண்டே போனதால், இனி இவர் வீடு வாங்கக் கூடாதென்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை எங்கள் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. 1951 செப்டம்பர் 23 அன்று, முப்பத்தைந்து வயதில், அவர் காலமானார். அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 23 அன்று, ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் எலியோ கிரேசி ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவோடு மோதி, கை முறிந்தும் பணியாமல், தமையன் துண்டை வீசியதால் தோற்றார். அந்தத் தோல்வியைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை; கையை முறித்த பிடிக்குக் கிமுரா என்றே பேரிட்டு, அதைத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சின்னப்பா பழகிய நான்கில் சிலம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழகுகிறவனின் நெற்றி உயரத்துக்கு, சுமார் ஐந்தரை அடி நீளத்தில், கணு நெருங்கிய மூங்கில் கம்பு வேண்டும் என்பதும், கம்பைக் கையில் கொடுக்குமுன் ஆசான் காலடி வரிசையைத்தான் பழக்குவார் என்பதும், கைவீச்சு பிசகினால் ஓர் அடி விழும், காலடி பிசகினால் அடிமேல் அடி விழும் என்பதும் திருவிழாக்களில் வேடிக்கை பார்த்தவர்களுக்கே தெரியும். கம்பின் நுனியில் குங்குமம் அல்லது சாந்து பூசி, எதிராளியின் மேனியில் விழுந்த பொட்டுகளை எண்ணி வெற்றி தோல்வி நிர்ணயிக்கும் பழைய வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிராண சேதமில்லாமல் ஒரு துவந்த யுத்தத்தைத் தீர்ப்பதற்கு இதைவிட நாகரிகமான உபாயம் கூண்டுக்காரர்களிடமும் இல்லை.

நான் நின்று பேச விரும்புவது சுருள்பட்டையைப் பற்றி. உலகத்து ஆயுதங்களிலெல்லாம் இது ஒரு விசித்திரப் பிறவி. ஒரு கைப்பிடியில், மெல்லிய வில்லெஃகுத் தகடுகள், ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ, நாலைந்து அடி நீளத்துக்குத் துவண்டு தொங்கும். இருபுறமும் விளிம்பு கூர்மையாக இருக்கும். வேலையில்லாதபோது சுருட்டிக் கட்டலாம், இடுப்பில் கச்சையாகவும் சுற்றிக்கொள்ளலாம். மலையாள தேசத்தில் உறுமி என்று வழங்குவது இதன் உடன்பிறப்பு. வாளால் குத்தலாம், தடுக்கலாம், ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தலாம். சுருள்பட்டையால் இம்மூன்றும் ஆகா. அதற்கு விறைப்பு என்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. சுழல்கிற வேகம்தான் அதற்கு முதுகெலும்பு. வேகம் இருக்கிறவரை தகடு நீண்டு நிமிர்ந்து வட்டமிடும்; வேகம் குன்றிய அந்தக் கணமே அது வெறுந்தகடாகித் துவண்டு, எதிரியைத் தேடாமல் எஜமானனின் முழங்காலைத் தேடி வரும்.

சிறுவயதில் சோளக் கொல்லைப் பரண்மீது நின்று கிளி விரட்டக் கவண் சுழற்றியவர்களுக்கு இந்த ரகசியம் எளிதில் விளங்கும். கல் கவணில் தங்குவதும், விட்ட திசையில் போவதும் சுழற்சியின் புண்ணியத்தால். கை தயங்கிச் சுழற்சியைப் பாதியில் விட்டால், கல் நம் தோள்பட்டையிலேயே இறங்கும் என்பதை நானும் என் தோழர்களும் மிகுந்த வேதனையோடு கற்றோம். சுருள்பட்டைக்காரன் செய்வதும் அதுவே. ஆனால் அவன் விட்டெறிந்துவிட்டு ஓய முடியாது. தலைக்கு மேல் ஒரு வட்டம், அது முடியுமுன் பக்கத்தில் ஒரு வட்டம், அதிலிருந்து உடம்பையே திருப்பிப் பின்புறம் ஒரு வட்டம் என்று, ஒன்றின் வேகத்தை மற்றொன்றுக்குச் சிந்தாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் தன் அங்கம் இல்லாதபடி காலடி முன்கூட்டியே நகர்ந்திருக்க வேண்டும். எதிரி கேடயத்தை உயர்த்தினால், தகடு கேடயத்தின் விளிம்பில் பட்டு அங்கேயே வளைந்து, மறைந்திருப்பவனின் தோளில் விழும். பலர் சூழ்ந்துகொண்டாலும் வட்டத்துக்குள் ஒருவரும் கால் வைக்க முடியாது. இவ்வளவு ஆற்றலுக்கும் விலை, பழகுகிறவனின் சொந்த மேனி. அதனாலேயே ஆசான்மார் இதைச் சிலம்பத்தின் வரிசைகளெல்லாம் கைவந்த பிறகு, கடைசியில், அதுவும் பொறுமைசாலியான சீடனுக்கு மட்டுமே கொடுப்பார்கள்.

மேற்சொன்ன மாணவர், இந்தப் பட்டை அந்தக் கூண்டுக்குள் என்ன செய்யும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யாது, ஆயுதம் அங்கே அனுமதியில்லை. ஆனால் தயங்கினால் ஆபத்து தனக்கே என்ற பாடத்தை ஆண்டுக்கணக்கில் தேகத்தில் எழுதிக்கொண்ட ஒருவன், படப்பிடிப்பு அரங்கில் கத்தி வீசி நிற்கையில் அவன் நிலையில் ஒரு நிச்சயம் இருக்கும். ‘உத்தமபுத்திர’னில் ஜனங்கள் கண்டு கைதட்டியது வேஷத்தை மட்டுமன்று, அந்த நிச்சயத்தையும்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிரேசிலுக்கும் நமக்கும் உள்ள பேதம் வீரத்தில் இல்லை, சோற்றில் இருக்கிறது. அங்கே வித்தை கற்பித்தவர் மாணவரிடம் கட்டணம் வாங்கினார், பள்ளி நடத்தினார், பிள்ளைகளையும் தம்பியரையும் அதிலேயே ஜீவிக்க வைத்தார். நம் சின்னப்பாவுக்கு வீடுகள் வாங்கிக் கொடுத்தது நாடகமும் சினிமாவும். அவர் கற்ற நான்கு வித்தைகளை மட்டும் நம்பியிருந்தால் வாடகை வீட்டுக்கும் வழியிருந்திருக்காது. இன்றைய நிலைமையும் அதிகம் மாறவில்லை. அரசியல் ஊர்வலத்தின் முன்னால் கொளுத்தும் வெயிலில் மூன்று மணி நேரம் கம்பு சுற்றுகிற ஆசானுக்கு ஒரு சால்வையும் ஒரு குவளைத் தேநீரும் கொடுத்து அனுப்புகிறோம். மேடையில் ஏறித் தமிழர் வீரம் என்று முழங்குகிறவர், அந்த ஆசான் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று விசாரிப்பதில்லை. அரசாங்கம் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான வேலை ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இதனால் சான்றிதழுக்காக வரும் கூட்டம் பெருகியிருக்கிறது என்பது மெய். வந்த கூட்டத்தில் காலடி முடியும்வரை நிற்பவர் எத்தனை பேர் என்பதை ஆசான்களே சொல்ல வேண்டும்.

இன்னொரு கேட்டையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும், கம்பு வரிசையே சரியாக வராத சிறு பிள்ளைகளின் கையில், மூட்டை கட்டும் தகர நாடாவை வெட்டிச் செய்த பட்டையைக் கொடுத்து, ஜனங்கள் முண்டியடித்து நிற்கும் இடத்திலேயே சுழற்றவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். மட்டமான தகடு எந்தச் சுழற்சியில் கைப்பிடியிலிருந்து கழன்று பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசிப் பாடத்தை முதல் பாடமாகக் கற்பிப்பது கலைக்கும் துரோகம், குழந்தைக்கும் துரோகம்.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் ஆயுதங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரப்படுத்திவிடலாம். வீச்சைப் பத்திரப்படுத்தக் கண்ணாடி உதவாது, அது ஒரு கையிலிருந்து மறு கைக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஆலங்குடி மாணவருக்கும் அவரைப் போன்ற இளைஞர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். பிரேசில்காரரைப் பாருங்கள், தடையில்லை. ஆனால் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ முதிய சிலம்ப ஆசான் ஒருவர் இருந்தால், அவரிடம் போய், வெறுங்கையோடு கும்பிட்டு நிற்காமல், மாதா மாதம் சம்பளம் பேசிக் கொடுத்துக் காலடியிலிருந்து தொடங்குங்கள். அவர் சொல்லும் வரிசைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சுருள்பட்டையைக் கேட்காதீர்கள், தகுதி வந்தபோது அவரே எடுத்துக் கொடுப்பார்.